என் பெயருக்கு ஓம் சொன்னவன்

1

போன சனிக்கிழமை ஐயாவின் இரண்டாவது ஆண்டுத் திவசம். அன்றைக்கே பின்னேரம் எங்கள் ஊர்ப் பேஸ்போல் கழகத்துக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் மட்ச். இரண்டுக்கும் போனேன் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். திவசத்துக்குப் போவதென்றால் குசினியிலிருந்து பின்வளவுக்குப் போவதுதான். என் மனைவி புவனம் விடியவே தலை முழுகி, கிடைத்த மரக்கறியை வைத்துச் சமைத்தாள். வாழையிலை இல்லை, பீங்கான் தட்டில் படைத்தோம். காகத்துக்கு வைத்த சோற்றை ஒரு அணில் வந்து தின்றது. அப்பப்பா அணிலாக வந்திருக்கிறார் என்று மகள் செல்வி ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். தமிழ் விளங்கும், பதில் மட்டும் தமிழில் வராது.

நான் அழவில்லை. சோறு நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் புள்ளிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

இது அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளத்தையும் பாலையும் விட்டால் வேறு கதையில்லாத ஒரு சின்ன ஊர். பால்மா ஆலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. கழகத்தில் விளையாடுகிறவர்கள் கமக்காரர், ஆலைத் தொழிலாளர், தீயணைப்புக்காரர், ஒரு இறைச்சிக்கடைக்காரர். காசு வாங்கி ஆடுகிறவன் ஒருவனும் இல்லை. மனைவிமார் கேக் விற்றுச் சேர்த்ததில்தான் புல் வெட்டுகிறார்கள். கட்டம் கட்டமாக நேராக எழுதக்கூடியவன் என்று என்னைப் புள்ளி எழுத வைத்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கம் அதற்காவது உதவியது.

அன்றைக்கு நாலாம் சுற்றில் இறைச்சிக்கடைக்காரர் ஹாரல்ட் அடித்துவிட்டு, ஓடித் தொடவேண்டிய நாலு மூலைகளில் முதலாவதுக்கு நொண்டிக்கொண்டு போய் நின்றார். முழங்கால் அவருக்குக் கொஞ்ச நாளாகவே சரியில்லை. அவருக்குப் பதிலாக ஒரு இளந்தாரியை ஓட விட்டார்கள். ஹாரல்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். விதிப்படி நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டு, ஓடுகிறவனின் பெயரை எழுதவேண்டும். கோடு போட்ட பிறகு அவர் அன்றைக்குத் திரும்பி விளையாட முடியாது.

"எழுதியாயிற்றா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்று காட்டினேன். கச்சான் கடலையை நீட்டினார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வீட்டு அலுமாரியில் எட்டு மாதமாகக் கிடக்கும் படிவம் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

2

படிவம் கிளிநொச்சிக் காணிக் கந்தோரிலிருந்து என் தம்பி ராசன் மூலமாக வந்தது. கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் ஐயாவுக்குக் கிடைத்த வயலைப் பற்றியது. திட்டக் காணி உங்களுக்குத் தெரியும். விற்கவும் ஏலாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் ஏலாது. ஐயாவுக்குப் பின் ஒரே ஒரு பிள்ளைக்கு. மூத்தவன் என்று ஐயா என் பெயரைக் கொடுத்திருந்தார். ஐயா செத்த பிறகு வயல் என் பெயருக்கு வந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. ராசன்தான் பெண்சாதி பிள்ளைகளோடு அந்த வளவில் இருந்து வயலைச் செய்கிறான்.

ஒன்றில் நான் வந்து குடியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டும். இந்த வருடச் சிறுபோக நெல் விதைப்புக்கு முன் இரண்டில் ஒன்றும் நடக்காவிட்டால் காணியைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். ராசன் குடும்பம் நடுத்தெருவில்.

இவ்வளவும் தெரிந்துகொண்டும் எட்டு மாதம் அதை அலுமாரியில் வைத்திருந்தேன். ஏன் என்று புவனம் இரண்டு தடவை கேட்டாள். தபால் கந்தோர் பூட்டியிருந்தது என்றேன், பிறகு ஆலையில் வேலை என்றேன். உள்ளதைச் சொன்னால், அந்தத் தாளில் கையெழுத்து வைக்காத வரைக்கும் எனக்கும் ஒரு வயல் இருந்தது. நான் அதில் கால் வைத்து ஐந்து வருடம். வைக்கோலும் தரமாட்டேன், தின்னவும் மாட்டேன் என்கிற நாயின் கதைதான் என்னுடையது.

இங்கே என் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. வந்த புதிதில் குடிவரவுக் கந்தோரில் முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயர் என்று விளக்கினேன். பின்னால் நின்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். அலுவலர் ஏதோ எழுதினார். அன்றிலிருந்து ஆலையிலும் வங்கியிலும் நான் வேலுப்பிள்ளை. மைதானத்தில் வேலு. செல்வியின் வாத்தியாரம்மாவும் அவளை அந்தப் பெயரால்தான் பதிந்து வைத்திருக்கிறா. செத்துப்போன ஐயாவை இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் கூப்பிடுகிறார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். மகாலிங்கம் என்ற என் பெயர் ராசனின் கடிதத்திலும் அந்தப் படிவத்திலும் மட்டுந்தான் இருந்தது.

3

பேஸ்போலை நான் இங்கே வந்து படிக்கவில்லை. கண்டாவளையில் படித்தேன் என்று சொன்னால் ஹாரல்ட் இன்னும் நம்புவதில்லை.

குடியேற்றப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு தொண்டர் வாத்தியார் வந்திருந்தார். டானி சேர் என்போம். வயதில் என்னிலும் இளையவர். ஒரு பெட்டியில் உடுப்பு, இன்னொரு பெட்டியில் இரண்டு பந்தும் நாலு தோல் கையுறையும். பந்தடி மட்டை வரும் வழியில் தொலைந்துபோனது. வண்டில் செய்யும் ஆசாரியார் பாலை மரத்தில் ஒன்று கடைந்து தந்தார். அதைத் தூக்கி வீசினால் ஆளும் கூடச் சுற்றும். மூலைகளுக்கு மண் நிரப்பிய சாக்கு வைத்தோம்.

மூன்று மாதத்தில் அது கழகமாகிவிட்டது. தலைவர் விதானையார். அவர்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை கூப்பிடுகிறவர். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரேயடியாகக் காணாது, அதனால் வயலுக்கு வயல் முறை. தண்ணீர் திறக்கிற துருசடியில் கொப்பியோடு நின்று அவர் பெயரைக் கூப்பிடுவார். வயல்காரன், இருக்கிறேன் என்பதற்கு, ஓம் என்று சொன்னால்தான் பலகை திறக்கும். சொல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயல்காரனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பியோ மகனோ வந்து அந்தப் பெயருக்கு ஓம் சொல்வான். அதை யாரும் பிழை என்று சொன்னதில்லை.

பேஸ்போலில் அடிக்கும் வரிசையையும் விதானையார் அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, அதே குரலில் கூப்பிட்டார். ஓம் சொல்லாமல் ஒருவரும் மட்டையைத் தொடக்கூடாது. டானி சேர் இதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் தன் முறை வந்தால் ஓம் என்றார்.

எங்களோடு விளையாட வேறு யாரும் இல்லை. டானி சேர் விடுமுறைகளில் பஸ் பிடித்து முல்லைத்தீவுக்குப் போய்க் கடற்கரைப் பெடியன்களுக்கும் பழக்கினார். அவர்கள் வேதக்காரர், கடலுக்குப் போகிறவர்கள். வீச்சுவலை எறிந்த கை. பந்தை எறிந்தால் சொன்ன இடத்தில் விழும். தோல் பந்து பிய்ந்தபோது வலை நூலால் தைத்துத் தந்தவர்களும் அவர்கள்தான்.

4

நான் சொல்லவரும் மட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கடற்கரைக்காரர் பூசை முடிந்து மீன் லொறியில் வந்து இறங்கினார்கள். வாய்க்கால் சனம் முழுக்க வரம்பில் நின்றது. ஐயாவும் தோளில் துவாயோடு நின்றார்.

அதற்கு இரண்டு நாள் முன்னம் வரம்பு கட்டும்போது மண்வெட்டி என் இடது காலில் பட்டுவிட்டது. நிற்கலாம், ஓட ஏலாது. விதானையார் ஒரு வழி சொன்னார். அவர் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்தவர். கிரிக்கெட்டில் காயப்பட்டவன் அடிப்பான், அவனுக்காக வேறொருவன் ஓடுவான். "மகாலிங்கம் அடிக்கட்டும், ராசன் ஓடட்டும்" என்றார். ராசனுக்கு அப்போது இருபது வயது. காற்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். நான் அடித்தேன், அவன் ஓடினான். எங்களுக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. மத்தியஸ்தராக நின்ற டானி சேர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டத்தால் பின்னுக்கு. இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் மூலையிலும் மூன்றாம் மூலையிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். விதானையார் கொப்பியைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். ஓம் என்று மட்டையை எடுத்தேன். டானி சேர் கையைக் காட்டித் தடுத்தார்.

தம்பி எனக்காக ஓடிய அந்த நேரமே என் இடம் தம்பியுடையதாகிவிட்டது, இனி அவன்தான் அடிக்கவேண்டும், இதுதான் இந்த விளையாட்டின் சட்டம் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். முதலே ஏன் சொல்லவில்லை என்று சனம் கத்தியது. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

விதானையார் கொப்பியை மூடினார்.

"சேர், தண்ணி முறைக்கு ஆள் வராட்டித் தம்பிக்காரன் வந்து ஓம் எண்டு சொல்லுறவன். அதுக்காண்டி வயல் தம்பியின்ரை ஆகுமோ?"

சனம் அதை ஆமோதித்தது. கடற்கரை அணியின் தலைவன் பிலிப்பு கூட, அவர் அடிக்கட்டும் சேர், எங்களுக்கு ஒண்டும் இல்லை என்றான். டானி சேர் ஏலாது என்று தலையை ஆட்டினார். சட்டத்தை இன்றைக்கு மாற்றினால் நாளைக்கு விளையாட்டு இல்லை என்றார்.

எனக்குக் கோபம் மூக்குமட்டும் வந்தது. ஊரே பார்க்க என் கையிலிருந்ததைப் பறித்ததுபோல இருந்தது. மட்டையை ராசனின் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன்.

"இந்தா பிடி. இனி எல்லாம் உன்ரைதான்."

அவன் வாங்கவில்லை. "நான் ஓடத்தான் வந்தனான் அண்ணை" என்றான். விதானையார் அதட்டியபிறகுதான் எடுத்துக்கொண்டு போனான்.

பிலிப்பு மூன்று பந்து எறிந்தான். நல்ல பந்து மூன்றை விட்டால் அடிக்கிறவன் வெளியே. மூன்றும் நடுவால் வந்தவை, கண்ணை மூடிக்கொண்டும் அடிக்கக்கூடியவை. ராசன் மட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றான். ஒரு தடவைகூட வீசவில்லை. தோற்றுப்போனோம். அடுத்த வெள்ளி வரைக்கும் வாய்க்கால்கரை முழுக்க அவனைப் பகிடி பண்ணியது. நடைபாதையில் போனால், மரம் போகுது பார் என்பார்கள். ஏன்டா அடிக்கேல்லை என்று நானும் கேட்டேன். வெயில் கண்ணுக்குள் அடித்தது, பந்து தெரியவில்லை என்றான். வெயில் அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. எனக்கு அப்போது அதை யோசிக்க மனமில்லை.

5

அடுத்த வருடம் டானி சேர் திரும்பிப் போனார். போய், தன் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் எனக்கு இடம் எடுத்து, தன் தகப்பனைப் பிணை நிற்க வைத்துக் கடிதம் போட்டார். போவதா விடுவதா என்று நான் ஒரு மாதம் புழுங்கினேன். ஐயா ஒரே வரியில் முடித்தார்.

"போட்டு வா. வயல் எங்கையும் போகாது."

படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, திரும்புவது பிந்திக்கொண்டே போனது. டானி சேரும் இப்போது இந்த ஊரில் இல்லை, மேற்கே எங்கோ படிப்பிக்கிறார். நத்தாருக்கு அட்டை வரும்.

ஐயா செத்த தந்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. தந்தி வரும்போது எல்லாம் முடிந்து மூன்று நாள். மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை ராசன் வைத்திருந்தான். நான் தந்தியை இரண்டாம் தரம் வாசித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், மைதானத்துக்குப் போனேன். போகாதேங்கோ என்று புவனம் மறித்தாள். புள்ளி எழுத வேறு ஆள் இல்லை என்றேன். ஒன்பது சுற்றும் ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். திரும்பி வந்து தோய்ந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன், நித்திரையும் வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பயமும் போய்விட்டது.

எத்தனையோ பேர் ஊரை நினைத்து அழுததாக எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத ஏலாது. பல் பிடுங்க மருந்து போட்ட கொடுப்பு மாதிரி ஒரு விறைப்பு. கடித்தாலும் தெரியாது. அதோடேயே வேலைக்குப் போகலாம், வரி கட்டலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம்.

6

சனிக்கிழமை மட்ச் முடிந்து வந்ததும் அலுமாரியைத் திறந்தேன். படிவம் சிங்களத்தில் அச்சடித்தது. எனக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது, ராசனுக்கும் தெரியாது. கந்தோரில் யாரையோ பிடித்து வாசிப்பித்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கருத்தைப் பென்சிலால் எழுதியிருந்தான். அதோடு வந்த அவன் கடிதத்தை எட்டு மாதத்துக்குப் பிறகு திரும்ப வாசித்தேன்.

"அண்ணை, பேரை மாத்தித் தரச்சொல்லி நான் கேக்கேல்லை. கந்தோர்க்காரர்தான் ஒத்தைக்காலில நிக்கினம். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ, நாங்கள் வேறை எங்கையும் போவம். தண்ணி முறைக்கு விதானையார் உங்கடை பேரைத்தான் கூப்பிடுறவர். நான் ஓம் எண்டு சொல்லுறனான். அது எனக்குக் காணும்."

முதல் தடவை வாசித்தபோது இதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை, தோளில் மட்டையோடு நின்ற ராசன் தெரிந்தான். அவனுக்குப் பந்து நன்றாகத்தான் தெரிந்தது. அது என் முறை என்று நினைத்து நின்றிருக்கிறான். நான் சொல்லாவிட்டால் இந்த வயலிலும் அப்படியேதான் நிற்பான். வயல் போகும், பெண்சாதி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பான், அப்போதும் வெயில் கண்ணுக்குள் அடித்தது என்பான். என்னுடைய எட்டு மாதச் சோம்பலை நினைத்து வெட்கப்பட்டேன்.

திங்கட்கிழமை மதியம் ஆலைக்கு அரைநாள் லீவு போட்டு, கையெழுத்துக்குச் சாட்சி வைக்கும் நொத்தாரிசிடம் போனேன். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் மேசை போட்டிருக்கும் வயதுபோன அம்மா. படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தா. பிறகு திருப்பிப் பார்த்தா, அதிலும் வித்தியாசம் இல்லை. இது எந்தப் பாஷை என்று கேட்டா. எனக்கும் வாசிக்கத் தெரியாது என்றேன். வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைப்பீர்களா என்றா. தம்பி பென்சிலால் எழுதியிருக்கிறான் என்று காட்டினேன். அவ தன் வாழ்நாளில் கண்ட விசித்திரங்களில் என்னையும் சேர்த்துக்கொண்டிருப்பா.

பென்சில் எழுத்தை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். வயல் இது. தகப்பன் இவர். என் உரிமையை என் தம்பிக்கு முற்றாக விட்டுக்கொடுக்கிறேன், இனி நானோ என் பிள்ளைகளோ கேட்கமாட்டோம்.

அவ மூக்குக்கண்ணாடியை உயர்த்தினா. என் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தா. ஐந்து வருடத்தில் இந்த ஊரில் அதை வாசித்த முதல் ஆள் அவதான். மகா, லிங், கம். நீங்கள்தானா என்றா.

"ஓம்" என்றேன்.

அவ காத்துக்கொண்டிருந்தா. அவவின் பாஷையில் ஒருதரம் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

தபாற்கந்தோர் மேசையில் நின்று ராசனுக்கு ஒரு துண்டு எழுதினேன். நிறைய எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. "ராசன், படிவம் இருக்கு. பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள். அண்டைக்கு வெயில் உனக்குப் பின்னாலதான் இருந்தது. இந்த முறை எனக்காக நிக்காதை, அடி." இதை மட்டும் எழுதி ஒட்டினேன். விமானத் தபால், பதிவுத் தபால்.

7

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பாமல் இருந்தேன். படிவம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாமல் இதை எப்படி முடிப்பது? விதைப்புக் காலமும் வந்து போனது. இங்கே மட்சுகள் நடந்தன. ஹாரல்ட் இப்போது விளையாடுவதில்லை, ஒவ்வொரு கிழமையும் எனக்குப் பக்கத்தில் கச்சானோடு இருக்கிறார். செல்வி பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்தாள். அதில் ராசனைப் போட மறந்துபோனாள். கேட்டதற்கு, நான் அவரைப் பார்த்ததே இல்லையே என்றாள். நியாயந்தான். கீழே இடம் விட்டு எழுதச் சொன்னேன்.

நேற்று ராசனின் கடிதம் வந்தது. நீல விமானத்தாளில் பாதிப் பக்கம்.

"அண்ணை, காயிதம் நேரத்துக்கு வந்தது. பேர் மாத்தியாச்சு. சிறுபோகம் விதைச்சிட்டம். முந்தநாள் முதல் தண்ணி முறை. விதானையார் என்ரை பேரைக் கூப்பிட்டார். நான் ஆரையோ எண்டு பேசாமல் நிண்டன். ரெண்டாந்தரமும் கூப்பிட்டார். பக்கத்து வயல்காரன் முதுகில தட்டினாப் பிறகுதான் ஓம் எண்டனான். சனம் எல்லாம் சிரிச்சுது. விதானையார் சிரிக்கேல்லை. கொப்பியைக் காட்டினார். உங்கடை பேரை வெட்டேல்லை அண்ணை, கீழை கோடு மட்டும் போட்டிருக்கிறார்."

செல்வி வந்து, அப்பா ஏன் அழுகிறார் என்று தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். ஐயாவுக்காக என்று புவனம் சொன்னாள்.